தொட்டிக்குள் பறக்கவிட்டவள்

கடலூர் முதுநகரில் லூர்துசாமி என்று சொன்னால், பங்குக் கோயிலைச் சுற்றி இருப்பவர்கள் இன்றைக்கும் "உள்ள எறங்குனாரே, அவுரா?" என்றுதான் கேட்பார்கள். சிதம்பரம் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அவர் பம்பு ஃபிட்டர். கழிவுச் சேறு தேங்கும் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மயங்கி விழுந்தபோது, மேலே நின்றிருந்த லூர்துசாமி யாரையும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிவிட்டார். பிறகு இருவரையும் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள். இருவருமே பிழைக்கவில்லை.

அடக்கப் பூசையில் சாமியார், பிறத்தியார் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவர் என்று பேசினார். மனைவி ஆரோக்கியம்மாள் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் பிரிசில்லாவால் அப்படிப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அப்பா ஏன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை என்ற கோபம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அம்மாவிடம் அவள் சொன்னதே இல்லை.

மேல்படிப்புக்குச் சிதம்பரம் போனாள். அளவுக்கருவிகள் பற்றிய பொறியியல் படிப்பு. அங்கேதான் அவளுக்கு அந்த விளையாட்டு அறிமுகமானது. கல்லூரியின் இறகுப்பந்து அரங்கில் ஐந்தாறு பேர் சாயங்காலம் சிறிய விமானங்களைப் பறக்கவிடுவார்கள். மெல்லிய நுரைத்தகட்டை வெட்டி, ஊசி கனத்தில் இருக்கும் கார்பன் குச்சிகளால் முட்டுக் கொடுத்துச் செய்த விமானங்கள். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. யாராவது பலமாகத் தும்மினால் பாதை மாறிவிடும். அதனால் பறக்கவிடுவதற்கு முன்னால் மின்விசிறிகளை நிறுத்தி, கதவு சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் உள்ளே நிற்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். விமானம் மட்டும் ஆள் நடக்கும் வேகத்தில் கூரைக்குக் கீழே நிதானமாகச் சுற்றி வரும்.

வெளியே மைதானத்தில் ஓட்டுபவனுக்குத் தப்புச் செய்யவும் திருத்திக்கொள்ளவும் ஆகாயம் முழுக்க இடம் உண்டு. அரங்குக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கை அசைவதற்கு முன்னால் புத்தி அங்கே போயிருக்க வேண்டும். பிரிசில்லாவுக்குப் பிடித்ததே அதுதான். விமானத்தின் மூக்கை மேலே தூக்கி, அந்தரத்தில் அசையாமல் தொங்கவிடுவாள். பார்ப்பவர்களுக்கு அது சும்மா நிற்பதுபோல் இருக்கும். அவள் விரல்களோ ரிமோட்டின் குச்சிகளை விட்டு விட்டு மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

"அப்புடியே கொடியில துணி மாட்டுன மாதிரி நிக்கிது பாரு" என்பான் செந்தமிழ்செல்வன். கீரப்பாளையத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவன். அவளுக்கு நெருங்கிய நண்பன். அவன் விமானங்கள் பெரும்பாலும் சுவரில் மோதித்தான் தரையிறங்கும். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. நொறுங்கியதைப் பசை போட்டு ஒட்டுவதில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை.

படிப்பு முடிந்ததும் பிரிசில்லா கடலூருக்குத் திரும்பி, தொழிற்சாலைகளின் அளவுக்கருவிகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தாள். செந்தமிழ்செல்வன் பாதுகாப்புப் படிப்பு ஒன்றையும் முடித்து, ஊருக்குத் தெற்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் ஆனான். அவள் அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

"டேங்குக்குள்ள ஆள எறக்கறதுக்கு முன்னாடி, மீட்டர கயித்துல கட்டி உள்ள எறக்கிக் காத்தப் பாக்கறோம். கயிறு நேராதான போவும்? உள்ள தடுப்புத் தகடு நெறைய இருக்கு. அதுங்களுக்குப் பின்னாடி காத்து எப்புடி இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆளு அங்க போய் நின்னாதான் தெரியும்."

"அதுக்கு நா என்னா பண்றது?"

"நீ ஹால்ல ஓட்டுனது வளைஞ்சி போவுமில்ல."

மறுநாள் அவளே அவனைக் கூப்பிட்டு, தொட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டாள்.

அது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்த வேலை. நுரை இறக்கைகள் தொட்டிக்குள் சரிப்படவில்லை. நாலு சின்ன புரொப்பல்லர்கள் சுழலும் ஒரு பறவையைச் செய்து, அதைச் சுற்றிக் குருவிக்கூண்டு மாதிரி கார்பன் குச்சிகளால் வேலி கட்டினாள். செயற்கைக்கோளைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் கருவி இரும்புச் சுவருக்குள் செத்துப்போனது. திசைகாட்டி பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. கடைசியில் நாலு பக்கமும் லேசர் ஒளியை அடித்துச் சுவர் எவ்வளவு தூரம் என்று பார்க்கும் சின்ன சென்சார்களை வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே தான் நகர்கிறோமா நிற்கிறோமா என்று உணரும் ஒரு கேமராவும் அடியில் உண்டு. பளபளக்கும் இரும்புத் தரையில் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியவில்லை. அதற்கென்று ஒரு சின்ன விளக்கு வைத்தாள். விளக்கின் கனத்தால் பறவை மந்தமானது. வேறு இடத்தில் கனத்தைக் குறைத்தாள். ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரை ஏற்றியபோது மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அது பிரிந்து கிடப்பதை ஆரோக்கியம்மாள் தினமும் பார்ப்பாள். ஒருநாள் குழம்புச் சட்டியை ஓரமாக வைத்தபடி கேட்டாள்:

"உள்ள போயி இது மாட்டிக்கிச்சின்னா?"

"மாட்டிக்கிட்டா கெடக்கட்டும்மா. அத எடுக்கறதுக்குன்னு யாரும் பின்னாடியே எறங்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் தன் குரலில் என்ன இருந்தது என்று பிரிசில்லாவுக்கு உறைத்தது. ஆரோக்கியம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தொழிற்சாலையில் ஓரமாகப் போட்டிருந்த ஒரு பழைய தொட்டியில் பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். பறவை தடுப்புத் தகடுகளைச் சுற்றிப்போய், ஒவ்வொரு மூலையிலும் நின்று காற்றை அளந்துவிட்டு வந்தது. மேலதிகாரிகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வேலையில் பயன்படுத்த அனுமதி வரவில்லை. இன்னும் ஒரு ஒத்திகை, இன்னும் ஒரு கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

அப்படி ஓர் ஒத்திகைக்காகத்தான் மார்கழித் தொடக்கத்தில் ஒரு காலை அவள் பெட்டியோடு தொழிற்சாலைக்குப் போனாள். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆபத்துச் சங்கு ஊதியது. செந்தமிழ்செல்வன் உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"பெட்டிய எடுத்துக்கிட்டு வா. ஒருத்தன் உள்ள உழுந்துட்டான்."

கழுவி முடித்து வைத்திருந்த ஒரு பெரிய தொட்டி. உள்ளே சுத்தமாகிவிட்டதா என்று பார்த்துவரும்படி மேற்பார்வையாளர் சொல்ல, சேத்தியாத்தோப்பைச் சேர்ந்த சிலம்பரசன் என்கிற ஒப்பந்தத் தொழிலாளி, முறையான அனுமதிச் சீட்டு வருவதற்கு முன்பே இறங்கியிருந்தார். தொட்டிக்குள் நைட்ரஜன் வாயு கொண்டுவரும் குழாயைத் தகடு வைத்து அடைத்திருக்க வேண்டும். யாரும் அடைக்கவில்லை. வால்வை மட்டும் மூடியிருந்தார்கள், அந்த வால்வு கசிந்துகொண்டிருந்தது. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது நிறைந்த இடத்தில் மூச்சு விடுகிறவனுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. நிற்கிற இடத்திலேயே சாய்ந்துவிடுவான்.

தொட்டியின் உச்சியில், ஆள் இறங்கும் வாயைச் சுற்றிக் கூட்டம். குழாயை மூடிவிட்டு, ப்ளோயர் வைத்து உள்ளே வெளிக்காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஒரே மூச்சுக்கருவியில் சிலிண்டர் காலி. வேறு பகுதியிலிருந்து எடுத்துவர ஆட்கள் ஓடியிருந்தார்கள். தீயணைப்பு வண்டியும் வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒருவரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவர் சிலம்பரசனின் அண்ணன் கலியமூர்த்தி. இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்கு வருவார்கள்.

"உடுங்க சார். எந்தம்பி சார். மூச்ச அடக்கிக்கிட்டு ஒரு எட்டுல தூக்கியாந்துர்றேன். காத்துதான் அடிக்கிறாங்களே, அப்புறம் என்னா?"

பிரிசில்லா பெட்டியைத் திறந்தபடி கேட்டாள்: "செல்வா, உள்ள எரியிற சாமான் எதனா இருக்கா? மோட்டார் பொறி பட்டுடப் போவுது."

"இல்ல. சுத்தமா கழுவியாச்சு. நைட்ரஜன் மட்டும்தான்."

அவள் வாயருகே மண்டியிட்டு உட்கார்ந்து பறவையை உள்ளே இறக்கினாள். ஒத்திகையில் எல்லாம் அமைதியான காற்று. இங்கே ப்ளோயரின் வேகம் பறவையைத் தூக்கிச் சுவரோரம் வீசியது. அந்தக் காற்றோடு மல்லுக்கட்டத் தெரியாமல், பறவையைத் தானாக நிறுத்திவைக்கும் வழிகாட்டிக் கருவி அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைக்கழித்தது. ப்ளோயரை நிறுத்தச் சொல்ல முடியாது. அவள் வழிகாட்டியை அணைத்துவிட்டு, கையாலேயே ஓட்ட ஆரம்பித்தாள். சிதம்பரத்து அரங்கில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் எப்படி ஓட்டுவாளோ அப்படி. மூச்சைச் சீராக விட்டாள். முதல் தடுப்பைத் தாண்டினாள். இரண்டாவது தடுப்பின் பின்னால் ப்ளோயரின் காற்று எட்டவில்லை. பறவை சட்டென்று அடங்கி நின்றது. திரையில் சிலம்பரசன் தெரிந்தார்.

ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. அவள் பறவையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சென்சார் காற்றை உணர்ந்து ஓர் எண்ணில் நிலைக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க அந்த முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஆயிற்று. எண் இறங்கி இறங்கி வந்து நின்றது. வெளியே நூற்றுக்கு இருபத்தொன்று இருக்கும் ஆக்ஸிஜன், அங்கே ஏழுக்கும் கீழே இருந்தது.

"செல்வா, அந்தத் தகட்டுக்குப் பின்னாடி காத்தே இல்ல. யாரும் எறங்கக் கூடாது."

அப்போது கலியமூர்த்தி திமிறிக்கொண்டு வந்து திரையைப் பார்த்துவிட்டார். தம்பியின் நெஞ்சில் சட்டை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு வருது. தோ பாரு, சட்ட ஆடுது. உயிரு இருக்குதுய்யா."

பிடித்திருந்தவர்களின் கைகள் தளர்ந்தன. அவர்களும் நம்ப விரும்பினார்கள். கலியமூர்த்தி ஒரு காலைத் தூக்கித் தொட்டியின் வாய்க்குள் வைத்துவிட்டார்.

"அண்ணே, அது மூச்சு இல்ல" என்றாள் பிரிசில்லா. "மெஷினோட காத்து. புரொப்பல்லர் காத்துல ஆடுது."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும், எந்தம்பி மூச்சு."

செந்தமிழ்செல்வன் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்யக் கை வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால் என்று அவள் மனமும் ஏங்கியது. சட்டை ஆட வேண்டும் என்று அவளும்தான் வேண்டிக்கொண்டாள்.

பறவையை மெதுவாகக் கீழே இறக்கி, கேமரா அவர் நெஞ்சைப் பார்க்கும்படி தரையில் உட்காரவைத்தாள். கழுவிய தண்ணீர் அங்கங்கே தேங்கியிருந்தது. அது மறுபடி எழும்புமா என்பது நிச்சயமில்லை. புரொப்பல்லர்களை நிறுத்தினாள்.

சட்டை நின்றுவிட்டது.

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். ப்ளோயரின் இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் எதுவும் அசையவில்லை. கலியமூர்த்தியின் கால் தொட்டியின் வாயிலிருந்து தானாகவே வெளியே வந்தது. அப்படியே இரும்புத் தளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மூச்சுக்கருவி மாட்டிக்கொண்ட ஆட்கள் பிறகு வந்து இறங்கி, சிலம்பரசனைத் தூக்கினார்கள். மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டு, விழுந்த சில நிமிஷத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் கலியமூர்த்தி தாழ்வாரத்தில் நின்றிருந்த பிரிசில்லாவிடம் வந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ மெஷின நிறுத்துனப்புறம்தான் எந்தம்பி நின்னான். அதுவரைக்கும் ஆடிக்கிட்டிருந்தான்."

உண்மை எதுவென்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று பிறகு பலர் அவளிடம் சொன்னார்கள். தெரிந்திருந்தால் என்ன? அவர் கண்ணால் பார்த்தது அதுதானே.

விசாரணைக்கு வந்தவர்களிடம் பறவை எடுத்த படத்தைக் கொடுத்தாள். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆளை இறக்கச் சொன்னவர் மேல் வழக்குப் பதிவானது. தண்ணீரில் நனைந்த பறவை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பட்டறைக்குப் போவாள், மீட்டர்களைச் சரிபார்ப்பாள், வருவாள். செந்தமிழ்செல்வன் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். வீட்டு மின்விசிறிக் காற்றில் கொடித்துணி ஆடினால்கூட எழுந்து போய் விசிறியை நிறுத்திவிடுவாள். நிறுத்திய பிறகு அந்தத் துணியைப் பார்க்க முடியாமல் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

சிலம்பரசனின் கருமாதிக்குப் போக வேண்டும் என்று சொன்னது ஆரோக்கியம்மாள்தான்.

"அவுங்க என்னப் பாக்கப் பிரியப்பட மாட்டாங்கம்மா."

"பரவால்ல. நாலு வார்த்த திட்டுனா கேட்டுக்கிட்டு வருவோம். கெளம்பு."

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பக்கமாக ஒரு தெருவில் வீடு. வாசலில் கீற்றுப் பந்தல். பந்தக்காலைப் பிடித்தபடி நின்றிருந்த கலியமூர்த்தி இவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியம்மாள் நேராக அவரிடம் போனாள்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரும் இப்புடித்தான் ஒரு தொட்டியில போனாரு. உள்ள உழுந்தவனத் தூக்கப் போயி, இவுரும் வரல. நான் உன்ன ஒண்ணும் கேக்க வரல. நீ இருக்கியான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கலியமூர்த்தி பந்தக்காலை விட்டார். வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். அவர்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

உள்ளே சிலம்பரசனின் மனைவி வினோதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கணவன் கடைசியாகக் கிடந்ததைப் பார்த்தது யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிரிசில்லா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான பாத்தீங்க. அங்க எப்புடி இருந்தாரு? ரொம்ப துடிச்சிருப்பாரா?"

பிரிசில்லா அந்த முகத்தை இத்தனை நாளும் மறக்கத்தான் முயன்றுகொண்டிருந்தாள். இப்போது அதை முழுசாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். புருவம் சுருங்கியிருந்ததா, உதட்டைக் கடித்திருந்தாரா, விரல்கள் எதையாவது பற்றியிருந்தனவா என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"துடிக்கலம்மா. அந்த வாயு அப்புடி. மூச்சு முட்டறதே தெரியாது. கை விரிஞ்சுதான் கெடந்துது. மூஞ்சி சாதாரணமா இருந்துச்சு. சும்மா படுத்துட்ட மாதிரி."

"கண்ணு?"

"கொஞ்சம் தொறந்திருந்துச்சு."

"தூங்கும்போது எப்பவும் அப்புடித்தான்" என்றாள் வினோதினி. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நெடுநேரம் பிரிசில்லாவின் கையை விடாமல் அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள், செய்தி வந்த நாளிலிருந்து அவள் இப்போதுதான் வாய்விட்டு அழுகிறாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

திரும்பும்போது கடலூர் பஸ்ஸில் கூட்டமில்லை. வடலூர் தாண்டியதும் பிரிசில்லா, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாள்.

"அப்பாவ யாராச்சும் புடிச்சி நிறுத்தியிருந்தா நின்னிருப்பாரா?"

ஆரோக்கியம்மாள் சன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தாள்.

"நின்னிருக்க மாட்டாரு. அவுரு குணம் அப்புடி." பிறகு மகள் பக்கம் திரும்பினாள்: "ஆனா நிறுத்திப் பாக்க ஒரு ஆளு இருந்திருக்கணும். அன்னிக்கு மேல நின்னவங்க அத்தன பேரும் சும்மா பாத்துக்கிட்டுதான் நின்னாங்க. எனக்கும் அந்தக் கோவம் உண்டு. கோயில்ல அவுரப் பத்தி பெருமையா பேசும்போது, நான் அதச் சொல்ல முடியுமா?"

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு மோட்டார்கள் துருவேறிப் போயிருந்தன, மாற்றினாள். ப்ளோயர் காற்றிலும் தடுமாறாமல் நிற்கும்படி வழிகாட்டிக் கருவியைத் திருத்தும் வேலையைச் செந்தமிழ்செல்வனோடு சேர்ந்து தொடங்கினாள். அது முடியும்போது கோடைக்காலமும் போயிருந்தது. தள்ளிக்கொண்டே போன அனுமதியும் இப்போது வந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் இன்று பறவை உள்ளே போய்வராமல் எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்குவதில்லை. மற்றத் தொழிற்சாலைகள் சில கேட்டிருக்கின்றன, சில கேட்கவில்லை.

கலியமூர்த்தி அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார் என்று கேள்வி. பிரிசில்லாவிடம் அவர் இதுவரை பேசவில்லை. பேச வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. வினோதினி மட்டும் எப்போதாவது போன் செய்வாள்.

தொட்டிக்குள் எல்லா மூலைகளையும் அளந்து முடித்த பிறகு, காத்திருக்கும் ஆளைப் பார்த்து பிரிசில்லா "எறங்கலாம்ணே" என்பாள். அவர் இறங்குவார். தன் வேலை முடிந்துவிட்டது என்று அவள் பெட்டியைக் கட்டுவதில்லை. அவர் திரும்ப மேலே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொள்ளும்வரை, தொட்டியின் வாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.